எண்ணிக்கையில் விடுபட்ட ஒருவர்: ஒப்புதல் நாட்டமும் தன்தேற்றமும்

1. சொல்லும் வரையறையும்

‘தேறு’ என்னும் வினை இன்றும் நம் வாயில் அன்றாடம் புழங்குகிறது. பரீட்சையில் பிள்ளை தேறினான் என்கிறோம். காய்ச்சலில் கிடந்தவர் உடம்பு தேறி எழுந்தார் என்கிறோம். ஒரு முயற்சி வீண் என்று பட்டால் ‘இது தேறாது’ என்று கைவிடுகிறோம். பழைய வழக்கில் இவ்வினைக்கு நம்புதல் என்ற பொருளும் உண்டு. ஆராய்தலைக் குறிக்கும் ‘தேர்’ இதன் அண்டைச் சொல். ஆராய்ந்த பின்னரே நம்புக என்னும் முறையைத் திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல் வகுத்துச் சொல்கிறது. இலக்கண நூலார் ஐயம் நீங்கிய உறுதியைத் தேற்றம் என்பர். ஏகார இடைச்சொல்லுக்கு நன்னூல் கூறும் ஆறு பொருள்களில் தேற்றமும் ஒன்று. ‘அது உண்மையே’ என்னும்போது அந்த ஏகாரம் ஏற்றுவது இவ்வுறுதியைத்தான்.

இந்தச் சொல்லிலிருந்தே நமக்கு வேண்டிய கலைச்சொல்லை ஆக்கிக்கொள்கிறோம். ஒருவர் தம் செயலையோ முடிவையோ, அதற்கு உரிய அளவையைக் கொண்டு தாமே சோதித்து, சோதனையில் நின்றதைப் பிறர் சொல்லுக்காகக் காத்திராமல் ஏற்கும் ஆற்றல் தன்தேற்றம் எனப்படும். இதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: அளவை, சோதனை, ஏற்பு. அளவையும் சோதனையும் தம் கைக்கு எட்டும் இடத்திலும் ஏற்பை மட்டும் பிறர் வாயில் விட்டுவைக்கும் பழக்கம் ஒப்புதல் நாட்டம் எனப்படும்.

‘கைக்கு எட்டும் இடத்திலும்’ என்ற அடையை வாசகர் விட்டுவிடலாகாது. நாடி பார்க்கத் தெரியாதவர் மருத்துவரிடம் கேட்பது ஒப்புதல் நாட்டம் ஆகாது. அவர் கேட்பது அறிவு. அறிவு கேட்டலும் ஒப்புதல் கேட்டலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒருவர் வினவுகிறார், மற்றொருவர் விடை தருகிறார். ஆனால் முன்னதில் விடை பெற்றவர் அடுத்த முறை அதே வினாவோடு வரமாட்டார். பின்னதில் நாளையும் வருவார், மறுநாளும் வருவார். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அச்சு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலம் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள். கொள்ளிடத்தின் வடகரையிலிருந்து மேற்கே கரிசலும் செம்மண்ணுமாக விரியும் இந்நிலத்தைப் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கும் அறிவர். நாம் இங்கு வருவது இருவரை முன்னிட்டு. ஒருவர் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணிசெய்த வீரமாமுனிவர். மற்றவர் அரியலூரிலும் குன்னத்திலும் செங்கணத்திலும் இளமையில் தமிழ் கற்ற உ. வே. சாமிநாதையர். முன்னவர் எழுதிய கதையில் குற்றத்தின் வடிவம் கிடைக்கிறது. பின்னவர் வாழ்வில் அது நீங்கும் படிநிலைகள் கிடைக்கின்றன.

2. குற்றத்தின் வடிவம்

இத்தாலியில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1711-இல் மதுரை மறைமாநிலத்துக்கு வந்து, வீரமாமுனிவர் என்று தமிழர் அழைக்கும் நிலைக்கு உயர்ந்தவர். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அவ்வூர் மீது கலம்பகம் பாடினார். 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியும் 1732-இன் சதுரகராதியும் அவர் ஆக்கம். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் எழுத்தில் குழம்பாதபடி வடிவம் திருத்தியவரும் அவரே. நாம் மேலே கண்ட தேற்ற ஏகாரத்தை இன்று ஐயமின்றி எழுதிப் படிப்பதில் அவர் கைக்கும் பங்குண்டு என்பதை இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறோம்.

அவர் பேச்சுத் தமிழை ஒட்டி எழுதிய பரமார்த்த குருவின் கதையை பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அதில் வரும் ஆற்றுக் கதையைச் சிறுவயதில் கேளாத தமிழர் குறைவு. குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான்; தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே வருகின்றனர். மற்றவர் எண்ணியும் அதே கணக்கு. ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் நிலைமையைப் புரிந்துகொள்கிறான். தனக்கு மந்திரம் தெரியும் என்று சொல்லிப் பணம் பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஓர் அடி வைத்து எண்ணுகிறான். கணக்கு ஆறாகிறது. இழந்தவரை மீட்டுத் தந்த புண்ணியவானுக்குப் பணத்தைக் கொடுத்து மகிழ்கிறார்கள்.

இக்கதையைச் சிரிப்புக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். இதே வடிவக் கதை வேதாந்த நூல்களிலும் வருகிறது. ஆற்றைக் கடந்த பதின்மரில் பத்தாமவனைக் காணவில்லை என்று அழுத கதை அது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் அதைக் கொண்டு ஏழு நிலைகளை வகுக்கிறது. பத்தாமவன் உளன் என்று நல்லவர் ஒருவர் சொல்லக் கேட்டு நம்புவது பரோட்ச ஞானம். ‘நீயே அவன்’ என்று காட்டத் தானே கண்டுகொள்வது அபரோட்ச ஞானம். அதன் பின்னரே துயர் நீங்குகிறது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய வேறுபாடு துலங்கும். இரண்டிலும் வெளியாள் ஒருவர் வருகிறார். இரண்டிலும் சரியான எண் கிடைக்கிறது. வேதாந்தக் கதையில் எண்ணியவன் தன் பிழை எங்கே இருந்தது என்று காண்கிறான். ஏலாக்குறிச்சி முனிவரின் கதையில் அதை ஒருவரும் காண்பதில்லை. ஆறு என்ற எண் கிடைத்தது, எண்ணத் தெரியவில்லை. மறுநாள் வேறோர் ஆற்றைக் கடந்தால் அவர்கள் மீண்டும் ஐவராவார்கள், மீண்டும் ஒரு வழிப்போக்கனைத் தேடுவார்கள், மீண்டும் மடிப்பணத்தை அவிழ்ப்பார்கள். ஒப்புதல் நாட்டத்தின் இயல்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பிறர் சொல்லும் ‘நன்று’ என்பது எண். அதைத் தருபவர் எண்ணும் முறையைத் தருவதில்லை. ஆகவே எத்தனை முறை பெற்றாலும் அது நிறைவதில்லை.

3. வகை

ஒப்புதல் நாட்டம் எவரிடமிருந்து ஒப்புதலை நாடுகிறது என்பதைக் கொண்டு மூவகைப்படும்.

முதலாவது ஊரொப்புதல். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்னும் தொடரில் அது வாழ்கிறது. அந்த நாலு பேருக்குப் பெயரில்லை, முகவரியில்லை. பெண்ணின் படிப்பு, பிள்ளையின் தொழில், கல்யாணத்தில் போடும் பந்தல் அனைத்தும் அவர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கின்றன. தேடிப் போனால் ஒருவரும் அகப்படமாட்டார்.

இரண்டாவது சான்றொப்புதல். பதவியோ கல்வியோ பெயரோ உடைய ஒருவர் தரும் ஏற்பு. இதற்கு முகம் உண்டு. பெரும்பாலும் மேசையும் உண்டு.

மூன்றாவது அன்பொப்புதல். தாய், தந்தை, ஆசிரியர் ஆகியோரின் முகமலர்ச்சியை நாடுவது. மூன்றிலும் விடுபட அரியது இதுவே என்பது நம் துணிபு. ஊரை எதிர்த்து நிற்பவரைக் கண்டிருக்கிறோம். அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்பவரையும் கண்டிருக்கிறோம். அம்மா முகம் வாடினால் அவர்களே தளர்ந்துபோகிறார்கள். இதில் நாடப்படுவது அன்பு. செயலின் தரம் அங்கே அன்புக்கு ஈடாக நிறுக்கப்படுகிறது. தம் கவிதை சரியில்லை என்றால் தம்மையே சரியில்லை என்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

4. காரணம்

தலையாய காரணம் அளவை கற்பிக்கப்படாமை. பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நாம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தபோது கண்டதை இங்குக் குறிப்பது பொருந்தும். பத்து வயதுச் சிறுமி 1,375-ஐ 6-ஆல் வகுத்து, ஈவு 229, மீதி 1 என்று சிலேட்டில் எழுதினாள். எழுதி முடித்ததும் அவள் பார்வை சிலேட்டில் தங்கவில்லை. ஆசிரியையின் முகத்துக்குப் போயிற்று. “சரியா டீச்சர்?” என்றாள். அந்த அம்மையார் முகத்தில் ஒன்றும் காட்டாமல், “பெருக்கிப் பாரும்மா” என்றார். சிறுமி 229-ஐ 6-ஆல் பெருக்கினாள், 1,374. ஒன்றைக் கூட்டினாள். 1,375 என்று வந்ததும் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கணக்கைக் கேட்டாள். மறுபடி ‘சரியா’ என்று கேட்கவில்லை. அந்த ஆசிரியை எண்ணைக் கொடுக்கவில்லை, எண்ணும் முறையைக் கொடுத்தார். வகுத்தலுக்குப் பெருக்கல் என்னும் சோதனை இருப்பதைச் சொல்லித் தராத வகுப்பறையில் ஆசிரியர் முகமே சோதனையாகிவிடும்.

அடுத்த காரணம் பிழைப்பு. 19-ஆம் நூற்றாண்டுப் புலவர் வாழ்வு முழுதும் ஆதரிப்போர் ஏற்பில் தொங்கியது. உடையார்பாளையம் சமஸ்தானம் போன்ற இடங்களின் நிழலில் இசையும் தமிழும் வளர்ந்தன. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையருக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர் அச்சமஸ்தான வித்துவான். நூல் செய்தால் அரங்கேற்றம் வேண்டும். பிறர் பாடிய சிறப்புப்பாயிரம் வேண்டும். நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பது நன்னூல் முறை. ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே பாயிரம் செய்யத் தக்கவர். இதைக் கொண்டு, தமிழ் மரபே ஒப்புதல் நாட்டத்தை வளர்த்தது என்று முடிவு கட்டுவாரும் உளர். அது அவசரம். அதே நன்னூல் புலவன் தன்னைத் தானே புகழலாம் என்று நான்கு இடங்களை விலக்காகத் தருகிறது: அரசவைக்கு விண்ணப்பம் விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், பேரவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும். அடக்கம் ஒழுக்கமாகச் சொல்லப்பட்டது. தன் ஆற்றலைத் தான் அறியாமல் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அறியாதவர் எப்படி அந்த நான்கு இடங்களிலும் வாய்திறக்க முடியும்?

5. படிநிலை

5.1 கேட்டு நிற்றல்

1855-இல் பிறந்த உத்தமதானபுரம் சாமிநாதையரின் இளமை தந்தையின் இராமாயணப் பிரசங்கங்களைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகக் கழிந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ்ச்சுவை கண்டார். குடும்பம் குன்னத்தில் இருந்த காலத்தில் கார்குடிக் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் பாடம் கேட்டார். தந்தைக்கு மகனை இசைவாணனாகக் காணவே ஆசை. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம், தமிழால் என்ன வரும் என்று சொன்னவர்கள் பலர். ஊரொப்புதல் முழுதும் ஒரு பக்கம்; தமிழ் மீதான தாகம் ஒரு பக்கம். அவர் தாகத்தின் பக்கம் போனார்.

இதை அப்போதே கைகூடிய தன்தேற்றம் என்று சொல்ல நாம் துணியவில்லை. சிறுவன் ஒருவனுக்கு ஒன்றன்மீது உள்ள பெருவிருப்பம் ஊரார் சொல்லைத் தள்ளிவிட்டது என்பதே உண்மை. விருப்பம் வலியது, ஆயினும் அதற்கு அளவை இல்லை. தாம் கற்றது சரிதானா என்பதற்கு அப்போது அவர் ஆசிரியர் முகத்தையே பார்த்திருப்பார்.

5.2 அளவை பெறுதல்

அளவை வந்தது செங்கணத்தில். அவ்வூர் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். ரெட்டியார் கல்லூரி காணாத முதியவர். காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று ஊர்ச்சொல் வழங்கிய காலம் அது. அத்தனை கடினமாகவும் வருமானமற்றதாகவும் அந்நூல் கருதப்பட்டது.

காரிகை மாணவனுக்கு என்ன செய்கிறது என்பதை ஓரடியில் காட்டலாம். ‘செங்கணம் சென்று படித்தான் ஒருநாள்’ என்று வெண்பாவுக்காக ஓர் அடி எழுதுவதாகக் கொள்வோம். செங்கணம் என்பது கூவிளம், விளத்தின் பின் நேரசை வர வேண்டும், ‘சென்’ நேர். சென்று தேமா, மாவின் பின் நிரையசை வர வேண்டும், ‘படித்’ நிரை. படித்தான் புளிமா, அதன் பின் ‘ஒரு’ நிரை. அடி நிற்கிறது. இப்போது படித்தான் என்பதை எடுத்துவிட்டுக் கற்றான் என்று போடுவோம். பொருள் மாறவில்லை, சொல் இன்னும் செம்மையாகக்கூடப் படுகிறது. ஆனால் ‘கற்’ நேரசை. மாவின் பின் நேர் வந்து ஆசிரியத்தளை புகுந்துவிட்டது, தளை தட்டுகிறது. இதை ரெட்டியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவர் வயலுக்குப் போயிருக்கும்போதும், நள்ளிரவில் விளக்கில்லாத திண்ணையில் கிடக்கும்போதும், பதினைந்து வயது மாணவன் விரல் மடக்கித் தானே கண்டுகொள்ளலாம்.

இதன் அருமையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தாமே ஆசிரியராக இருந்தும் ஆசிரியர் தேவையற்ற ஓர் இடத்தை மாணவன் மனத்தில் உண்டாக்கிவிட்டுப் போகிறார் காரிகை சொல்லித்தருபவர். சிறுமிக்குப் பெருக்கல் எதுவோ, கவிக்குத் தளை அது. சந்தத்தில் மயங்கி ‘நன்றாயிருக்கிறதா’ என்று நாலுபேரைக் கேட்டுத் திரியும் புதுக்கவிஞருக்குக் கிட்டாத ஓர் அமைதி யாப்பறிந்தவருக்கு உண்டு. கவிதையின் உயிர் தளையில் இல்லை என்பதை அறிவோம். உயிருக்கு அளவை எளிதில் கிட்டாது. ஆனால் ஒரு பகுதியையேனும் தானே அளக்கப் பழகியவன், அளக்க அரியதையும் அதே துணிவோடு அணுகுகிறான்.

5.3 அன்பின் கட்டு

அளவை பெற்றவுடன் தன்தேற்றம் முற்றிவிடுவதில்லை. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சாமிநாதையர் மாணவராகச் சேர்ந்தார். அவ்வூரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றுவந்தார். இசையில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்னும் கருத்துடையவர் பிள்ளை. அது தெரிந்ததும் மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். தந்தையின் ஆசை, குடும்பத்தின் வித்தை, பாரதியாரைப் போன்ற ஆசான், எல்லாம் ஆசிரியரின் முகக்குறிப்பு ஒன்றின் முன் நின்றுபோயின. வேங்கடராமன் என்று இட்ட பெயரை விட்டுச் சாமிநாதன் என்னும் வீட்டுப் பெயரால் அழைக்கப்பட்டதும் பிள்ளையின் விருப்பத்தால்தான்.

இதைக் குறையாகச் சொல்வதா? நமக்கு மனம் வரவில்லை. முழுமனத்தோடு ஒருவரிடம் தம்மை ஒப்படைத்துக் கற்ற ஐந்தாண்டுகளே பின்னாளில் ஏடுகளின் முன் தனியே நிற்கும் வலிமையைத் தந்தன. ஆயினும் வகைப்படுத்துவோர் கடமை வகைப்படுத்துவது. இது அன்பொப்புதல். 1876-இல் பிள்ளை மறைந்தார். அன்று வரை மாணவரின் தமிழுக்குக் கடைசித் தீர்ப்பாக இருந்த வாய் மூடிக்கொண்டது.

5.4 தனித்து நிற்றல்

1880 பிப்ரவரியில், ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவும் செட்டியாரின் பரிந்துரையும் அவருக்கு இருந்தன. சான்றொப்புதலில் அந்நாளில் இதற்கு மேல் பெறத்தக்கது அதிகமில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று கற்றவற்றை எல்லாம் அடுக்கினார். முதலியார் முகம் மலரவில்லை. இவற்றால் என்ன பயன் என்னும் குரலில், பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை தெரியுமா என்று கேட்டார். அவற்றை ஐயர் கண்டதே இல்லை. பிள்ளையும் பாடம் சொன்னதில்லை.

ஒப்புதல் நாட்டம் மிக்கவர் இவ்விடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பார். குன்றிப்போய்த் திரும்பியிருப்பார், அல்லது முதலியாரைத் தமிழறியாதவர் என்று வெளியே பழித்திருப்பார். இரண்டும் ஒரே நோயின் இரு குணங்கள். ஐயரோ அந்நூல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துப் பொருள் சொல்லும் துணிவு தமக்கு உண்டு என்று விடை சொன்னார். தன் ஆற்றலை அறியாதார் நடுவில் புலவன் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்று கார்குடியில் கற்ற நன்னூல் தந்த உரிமைக்கு இதைவிடச் செம்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவர் கண்டிராத நூலைப் பற்றிப் பேசினார்; ஆனால் தம் கருவிகளைப் பற்றி நன்றாக அறிந்து பேசினார். முதலியார் பின்பு சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்.

3,145 பாடல், 13 இலம்பகம், நச்சினார்க்கினியர் உரை. மேற்கோள் காட்டும் இடங்களில் உரையாசிரியர் நூற்பெயர் சொல்லாமல், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் நிறுத்திவிடுகிறார். அந்தப் ‘பிறர்’ யார்? கேட்டுத் தெளிய ஆளில்லை. ‘சரியா’ என்று நிமிர்ந்து பார்க்க ஒரு முகம்கூட இல்லாத நிலை. இவ்விடத்தில் ஐயர் செய்ததை இரண்டாகப் பிரித்துக் காண வேண்டும். சைன சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சைனரிடம் சென்றார். சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டார். இது அறிவு கேட்டல். தமக்கு எட்டாத அளவையை உடையவரிடம் சென்று பெறுதல். பாடவேறுபாட்டில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பையோ ஏடுகளை ஒத்துப் பார்த்துத் தாமே செய்தார். மேற்கோள்களின் இருப்பிடம் தேடிப் போனது பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் இட்டுச்சென்றது. மேற்கோளாகக் கண்ட வரி மூல ஏட்டில் வந்து நிற்கும்போது அது வகுத்த கணக்கைப் பெருக்கிப் பார்த்தது போலாகும். அங்கே சோதனை தானே தன் விடையைச் சொல்லிவிடுகிறது.

சிந்தாமணி 1887-இல் அச்சாகி வெளிவந்தது. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று முதலியார் கேட்ட மூன்றும் கேளாத பலவும் பின்தொடர்ந்தன.

6. ஒரு தடையும் அதன் விடையும்

இங்கே ஒரு தடை எழும். பரமார்த்த குருவின் சீடரும் தத்தம் கணக்கில் உறுதியாகத்தானே இருந்தார்கள்? தன்னை நம்பு என்று அவர்களிடம் சொன்னால் ஐவர் என்றே சாதிப்பார்கள் அல்லவா?

தடை வலியது. விடை வரையறையிலேயே உள்ளது. சீடரிடம் ஏற்பு இருந்தது; சோதனை இல்லை. சோதனையற்ற ஏற்பைத் தன்முனைப்பு என்று வேறு பெயரால் குறிக்க வேண்டும். தன்முனைப்புக்கும் ஒப்புதல் நாட்டத்துக்கும் இடையே தோன்றும் பகை மேலோட்டமானது. ஐவர் என்று உறுதியாகச் சொன்ன அதே சீடர்தாம் அடுத்த நொடியில் வழிப்போக்கன் காலில் விழுந்தார்கள். அளவை இல்லாதவர் தம்மை நம்பினாலும் பிறரை நம்பினாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார். நடைமுறையிலும் இதைக் காண்கிறோம். யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்று மார்தட்டுபவர், கைதட்டல் குறைந்த அன்று தூங்குவதில்லை.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை போதும். பிழை காட்டப்படும்போது தன்முனைப்பு சினக்கும். ஒப்புதல் நாட்டம் இடிந்துபோகும். தன்தேற்றம் ஏட்டைத் திறந்து பார்க்கும்.

7. பழிப்பின் காலம்

சிந்தாமணி வெளிவந்த பின் பாராட்டோடு கண்டனங்களும் வந்தன. அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களில் பதிப்பின் பிழைகள் என்று எழுதிப் பரப்பினார்கள். ஐயர் மனம் நொந்தார். எதிரி பழித்த காலத்தில் புலவன் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்ற விதியும் அவர் பக்கம் இருந்தது. மறுப்பை எழுதி எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பேராசிரியர் ஸாது சேஷையரிடம் சென்றார். இதில் இறங்கினால் இதற்கே பொழுது போய்விடும், செய்ய வேண்டிய நல்ல வேலை நின்றுவிடும் என்னும் கருத்துப்படச் சேஷையர் அவரைத் தடுத்தார். மறுப்பு அச்சேறவில்லை.

முப்பது வயதைக் கடந்து, பெருநூல் ஒன்றைத் தனியே பதிப்பித்தவரும் ஒரு நண்பரிடம் கேட்டுத்தான் அடங்கினார் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். படிநிலைகள் ஏணிப்படி போல் ஒன்றை விட்டு ஒன்று ஏறிப்போவன அல்ல. ஒருவர் பாடத் தேர்வில் தனித்து நிற்கலாம். அதே நாளில் பழிச்சொல் கேட்டுத் தடுமாறலாம். தேர்ந்த தொழிலில் தேறியவர் தேராத இடத்தில் சிறுவராகவே இருக்கிறார். ஐயர் சேஷையரிடம் பெற்றதை எந்த வகையில் அடக்குவது என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். ‘உங்கள் பதிப்பு நன்று’ என்று கேட்டு வாங்கியிருந்தால் அது ஒப்புதல். அவர் வாங்கியது ஓர் அளவை: மறுப்பு எழுதும் நாளில் எத்தனை ஏட்டை ஒத்துப் பார்க்கலாம் என்னும் கணக்கு. அது அவரிடம் கடைசிவரை தங்கிற்று. ஆதலால் அறிவு கேட்டலில் அடக்குகிறோம். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தபோது, இடைக்காலத்தில் கிடைத்த ஏடுகளைக் கொண்டு முன்பதிப்பைத் தாமே திருத்தியிருந்தார்.

1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்ததால் ‘என் சரித்திரம்’ முற்றுப்பெறவில்லை. ஆனால் இளமைப் பகுதி முழுமையாக இருக்கிறது. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராக நின்று, யாரிடம் எந்த நூலை எப்படிக் கேட்டோம் என்று ஒவ்வொருவர் பெயரையும் எழுதியிருக்கிறார். சடகோபையங்காரும் கஸ்தூரி ஐயங்காரும் விருத்தாசல ரெட்டியாரும் பட்டமோ சான்றிதழோ பெற்றவர்கள் அல்லர். அவர்களை இன்று நாம் அறிவது அம்மாணவர் எழுதி வைத்த அந்தப் பக்கங்களால்.